ஒட்டகத்தின் சுவடும் தூக்குமேடையின் நிழலும்

துப்பறியும் கதைகளை இலக்கியத்தின் திண்ணையில்கூட உட்கார வைக்கக்கூடாது என்று கருதும் விமர்சகர்கள் எம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு அப்பால் அவற்றில் எதுவுமில்லை என்பது அவர்களது தீர்ப்பு. அந்தக் கதைகளை விரும்பிப் படிப்பவர்களோ வேறொரு காரணம் கூறுவார்கள். உலகில் எத்தனை குழப்பம் இருந்தாலும் கூர்ந்து நோக்கிச் சரியாகச் சிந்திக்கும் ஒருவரால் உண்மையைக் கண்டுபிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கையை அவை தருகின்றன என்பார்கள். இந்த இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகிறார்கள். துப்பறியும் கதை என்பது பகுத்தறிவின் வெற்றிக் கதை என்பதே அது.

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில், அதிலும் கணிசமான காலம் நீதிமன்றச் செய்திகளோடு, வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. இந்தக் கதை வடிவத்தின் வரலாற்றை அதன் ஊற்றுக்கண்ணிலிருந்து பார்த்தால், அது பகுத்தறிவுக்கும் நிச்சயமின்மைக்கும் இடையில் முடிவின்றி நடக்கும் ஒரு வழக்காகவே தெரிகிறது. அந்த வழக்கில் சில வேளைகளில் உண்மையான மனிதர்களின் கழுத்தும் பணயமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஊற்றுக்கண் என்று சொன்னேன். அதைத் தேடிப் போனால் நாம் வந்துசேருவது லண்டனுக்கோ பாரிஸுக்கோ அல்ல. எமது தீவின் பழைய பெயரொன்றுக்கு.

செரண்டிப்பின் இளவரசர்கள்

1557ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் மிக்கேலே திரமெசினோ என்ற பதிப்பாளர் இத்தாலிய மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். செரண்டிப் நாட்டு மன்னனின் மூன்று புதல்வர்கள் மேற்கொண்ட பயணம் பற்றிய கதை அது. செரண்டிப் என்பது அரபு, பாரசீக வணிகர்கள் இலங்கைக்கு வழங்கிய பெயர். பாரசீகக் கவி அமீர் குஸ்ரோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்ற காவியத்திலிருந்து கிளைத்த கதை இது.

இளவரசர்கள் வழியில் ஓர் ஒட்டகக்காரனைச் சந்திக்கிறார்கள். அவனது ஒட்டகம் காணாமற் போய்விட்டது. அவர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால், அதற்கு ஒரு கண் பார்வையில்லையா, ஒரு பல் விழுந்துவிட்டதா, ஒரு கால் நொண்டியா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அதன் முதுகில் ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் இருந்தன, கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அதில் ஏறியிருந்தாள் என்றும் சொல்கிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும், அதுவும் தரம் குறைந்த புல், மேயப்பட்டிருந்ததால் மறுபக்கக் கண் குருடு. பல்லின் அளவுக்கு மென்ற புல் துண்டுகள் வழியெங்கும் சிந்திக் கிடந்ததால் பல் இல்லை. ஒரு காலின் சுவடு இழுபட்டிருந்ததால் நொண்டி. பாதையின் ஒரு பக்கம் எறும்பும் மறுபக்கம் ஈயும் மொய்த்ததால் வெண்ணெயும் தேனும். சேர்லொக் ஹோம்ஸ் பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவரது முறை முழுவதும் இதில் இருக்கிறது.

இதே கதையின் இன்னொரு வடிவம் தமிழிலும் வழங்கிவந்தது. அளகேச கதையில் வரும் நான்கு இளைஞர்கள் தொலைந்த ஒட்டகத்தை இவ்வாறே வர்ணிக்கிறார்கள். அந்தக் கதையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் தந்தவர் பண்டிதர் நடேச சாஸ்திரி. தமிழின் முதலாவது துப்பறியும் நூல்களில் ஒன்றாகக் கருதப்படும் 'தானவன்' 1894இல் அவரது பேனாவிலிருந்தே வந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், பொருத்தமான தற்செயல்.

கதையின் கூர்மையை மெச்சுகிறவர்கள் அதன் அடுத்த பகுதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒட்டகக்காரன் இளவரசர்களுக்கு நன்றி சொல்லவில்லை. காணாத ஒட்டகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் திருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மன்னன் பெராமோவிடம் முறையிடுகிறான். மன்னனும் அவர்களைச் சிறையிலடைக்கிறான். ஒட்டகம் அகப்படாவிட்டால் உயிர் போகும். அவர்கள் எப்படித் தப்பினார்கள்? தமது தருக்கத்தால் அல்ல. யாரோ ஓர் அயலவன் தற்செயலாக அந்த ஒட்டகத்தை வழியில் கண்டு பிடித்துக்கொண்டு வந்ததால் தப்பினார்கள்.

ஒட்டகக்காரனும் ஒரு துப்பறிவாளன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இளவரசர்கள் சுவடுகளிலிருந்து ஒட்டகத்தை அனுமானித்தார்கள். அவன் அவர்களது அறிவிலிருந்து அவர்களது குற்றத்தை அனுமானித்தான். இரண்டு தருக்கமும் ஏறக்குறைய ஒரே வகை. ஒன்று சரியாக அமைந்தது, மற்றையது பிழைத்தது. எது சரி என்று தீர்மானித்தது தருக்கமல்ல, ஒட்டகத்தின் வருகை. ஒட்டகம் வராமலே போயிருந்தால்? துப்பறியும் இலக்கியத்தின் முழு வரலாறும் இந்தக் கேள்வியின் அடிக்குறிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலேய எழுத்தாளர் ஹொரஸ் வல்போல் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதமொன்றில் இக்கதையை நினைவுகூர்ந்து 'செரண்டிப்பிற்றி' என்ற புதிய சொல்லை உண்டாக்கினார். தேடாத ஒன்றைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டடைவது என்பது அவர் கொடுத்த பொருள். இரண்டும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

சாதிக் செலுத்திய அபராதம்

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1747இல், பிரெஞ்சு அறிஞர் வோல்டயர் இந்தக் கதையை எடுத்து ஒட்டகத்துக்குப் பதிலாக அரசியின் நாயையும் அரசனின் குதிரையையும் வைத்து எழுதினார். மறு ஆண்டு 'சாதிக்' என்ற பெயரில் வெளிவந்த அந்நூலில் நாயகன் மணலில் பதிந்த சுவடுகளைக் கொண்டு இரு விலங்குகளையும் துல்லியமாக வர்ணிக்கிறான். திருடன் என்று தீர்ப்பாகிறது. பின்னர் விலங்குகள் அகப்பட்டுவிடுகின்றன. ஆனாலும், கண்டதைக் காணவில்லை என்று சொன்ன குற்றத்துக்காக 400 அவுன்ஸ் பொன் அபராதம். அதன்பின் அவன் தன் விளக்கத்தைச் சொல்ல, நீதிபதிகள் வியந்து அபராதத்தைத் திருப்பித் தருகிறார்கள்; நீதிமன்றச் செலவு என்று 398 அவுன்ஸைப் பிடித்துக்கொண்டு! இனி எதைக் கண்டாலும் வாய் திறப்பதில்லை என்று சாதிக் தீர்மானிக்கிறான். பிறகொரு நாள் தப்பியோடும் கைதி ஒருவனை யன்னலூடாகக் கண்டும் பேசாதிருக்கிறான். அதற்கும் 500 அவுன்ஸ் அபராதம். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். எங்கள் தொழிலிலுள்ளவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல.

1880இல் விஞ்ஞானி தோமஸ் ஹக்ஸ்லி 'சாதிக்கின் முறை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புவிச்சரிதவியல், தொல்லுயிரியல், தொல்லியல் ஆகியன யாவும் இதே முறையில்தான் இயங்குகின்றன என்றார் அவர். எஞ்சியிருக்கும் தடயத்திலிருந்து நடந்து முடிந்ததைச் சொல்வது, அதாவது பின்னோக்கிக் கூறும் தீர்க்கதரிசனம். ஹக்ஸ்லி சொன்னது சரியே. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. எலும்பொன்றைப் பற்றிய அனுமானம் பிழைத்தால் அடுத்த ஆய்வாளர் திருத்திவிடுவார். இறந்த விலங்குக்கு அதனால் நட்டமில்லை. நீதிமன்றத்தில் அப்படியல்ல.

பத்திரிகைகளைப் படித்தே துப்பறிந்தவர்

நவீன துப்பறியும் கதையின் தந்தை என்று எல்லோரும் ஏற்பது அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போவை. 1841 ஏப்ரல் மாதம் 'கிரஹம்ஸ் மகஸின்' இதழில் அவரது 'ரூ மோர்க் கொலைகள்' வெளிவந்தது. அதில் ஒரு நுட்பமான இடமுண்டு. கொலை நடந்த அறையிலிருந்து கேட்ட குரல் எந்த மொழிக்குரியது என்று பல நாட்டவரான சாட்சிகள் கூறுகிறார்கள். ஒவ்வொருவரும் அது தமக்குத் தெரியாத ஏதோவொரு மொழி என்று அடித்துச் சொல்கிறார்கள். சாட்சியம் என்பது காதில் விழுந்தது அல்ல, மனம் அதற்கு இட்ட பெயர் என்பதை இவ்வளவு எளிமையாக விளக்கிய வேறொரு பக்கத்தை நான் படித்ததில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது போவின் இரண்டாவது முயற்சி. 1841 ஜூலை 28ஆம் திகதி நியூயோர்க்கில் சுருட்டுக் கடையொன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்து பிரபலமான மேரி ரொஜர்ஸ் என்ற யுவதியின் சடலம் ஹட்சன் ஆற்றில் மிதந்தது. நகரப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதையே எழுதின. போ இந்தச் சம்பவத்தைப் பாரிஸுக்கு மாற்றி, மேரியை மாரி ரோஜே ஆக்கி, தனது துப்பறிவாளன் டூபாங் வெறும் பத்திரிகைச் செய்திகளை ஒப்பிட்டே உண்மையைக் கண்டறிவதாக எழுதினார். கதை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. இரண்டு பகுதிகள் 1842 நவம்பர், டிசம்பர் மாதங்களில். மூன்றாவது 1843 பெப்ரவரியில்.

இடையில் வந்தது இடி. ஆற்றங்கரையில் விடுதி நடத்திய பெண்ணொருத்தி சாகுந்தறுவாயில் அளித்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலமொன்று 1842 நவம்பரில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மேரி கொலை செய்யப்படவில்லை, கருச்சிதைவின்போது இறந்தாள் என்பது அதன் சாரம். டூபாங்கின் தருக்கமோ வேறு திசையில், கடற்படைக்காரன் ஒருவனை நோக்கி நடந்துகொண்டிருந்தது. போ என்ன செய்தார்? 1845இல் கதையை நூலாக்கியபோது அங்குமிங்கும் வாக்கியங்களை மாற்றி, விபத்து மரணத்துக்கும் இடம் வைத்தார். புதிய அடிக்குறிப்புகளையும் சேர்த்து, தன் துப்பறிவாளன் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் சொன்னான் என்ற தோற்றத்தை ஏற்படுத்தினார். அந்த வாக்குமூலமும் நிரூபிக்கப்படவில்லை. மேரி ரொஜர்ஸ் எப்படி இறந்தாள் என்பது இன்றுவரை தெரியாது. உண்மையான ஒரு மரணத்தோடு துப்பறியும் கதை முதன்முதலாகக் கைகுலுக்கிய இடத்திலேயே, விடையைப் பின்னர் திருத்தி எழுதும் வழக்கமும் தொடங்கிவிட்டது.

எடின்பரோவின் டொக்டர் பெல்

சேர்லொக் ஹோம்ஸின் கதையை வாசகர்கள் அறிவார்கள். 1876இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஆதர் கொனன் டொயில், அங்கு சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் பெல்லின் திறமையைக் கண்டு வியந்தார். நோயாளி வாய் திறக்கும் முன்னரே அவரது தொழில், ஊர், பழக்கவழக்கம் ஆகியவற்றைச் சொல்லிவிடுவார் பெல். 1887இல் வெளிவந்த முதலாவது ஹோம்ஸ் கதை அவருடைய நிழலில் பிறந்தது.

ஹோம்ஸ் தமது முறையைப் பொதுவிதியிலிருந்து முடிவை வருவிக்கும் தருக்கம் என்கிறார். உண்மையில் அது அதுவல்ல. கண்ட விளைவுக்குப் பொருத்தமான காரணத்தை ஊகிப்பதே அவர் செய்வது. எமது மரபில் இதற்கு அனுமானம் என்று பெயர். மலையில் புகையைக் கண்டு அங்கே தீ உண்டென்று அறிவது அதற்குரிய பழைய உதாரணம். எமது தருக்க நூலார் அனுமானத்தைச் சொன்ன கையோடு ஏதுப்போலிகளையும் பட்டியலிட்டார்கள் என்பதுதான் முக்கியம். மணிமேகலைக் காவியத்தின் தருக்கப் பகுதியைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். பனிமூட்டமும் தூரத்தில் புகைபோலவே தெரியும். வெயிலில் கறுத்த முகத்தோடும் இராணுவ மிடுக்கோடும் வந்த மனிதர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் என்று ஹோம்ஸ் சொல்கிறார். அவர் தென்னாபிரிக்காவிலிருந்து வந்திருக்கவும் கூடும். அப்படி வராதது கதாசிரியரின் கருணை.

அந்தக் கருணை இல்லாத இடத்தில் பெல்லுக்கு என்ன நடந்தது? 1893 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தின் ஆர்ட்லமொன்ட் தோட்டத்தில் வேட்டைக்குப் போன இளைஞர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கூடப் போன ஆசிரியர் அல்பிரட் மொன்சன்மீது கொலை வழக்கு. அரச தரப்புச் சாட்சிகளில் ஜோசப் பெல்லும் அவரது சகாவான ஹென்றி லிட்டில்ஜோனும் இருந்தார்கள். அது விபத்தல்ல, கொலையே என்பது அவர்களது கருத்து. எதிர்த்தரப்பு நிபுணர்கள் விபத்து என்றார்கள். டிசம்பரில் ஜூரர்கள் வழங்கிய தீர்ப்பு 'நிரூபிக்கப்படவில்லை' என்பதாகும். அதே 1893 டிசம்பரில்தான் கொனன் டொயில் ஹோம்ஸை ரைக்கன்பாக் அருவியில் தள்ளி முடித்துவைத்த கதை 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்தது. கதையிலும் நிஜத்திலும் ஒரே மாதத்தில் அந்த மேதைக்குச் சறுக்கல்.

'நிரூபிக்கப்படவில்லை' என்பது ஸ்கொட்லாந்துக்கே உரிய மூன்றாவது தீர்ப்பு. குற்றவாளியுமல்ல, சுற்றவாளி என்று சொல்லவும் மனமில்லை. நிச்சயமின்மைக்குச் சட்டம் கொடுத்த நாற்காலி அது. சந்தேகத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மை என்று சிலர் அதைப் போற்றினார்கள். விடுதலையானவரை வாழ்நாள் முழுவதும் நிழலாகத் தொடரும் களங்கம் என்று சிலர் ஏசினார்கள். 2025இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஹோம்ஸ் இல்லாத இடத்தில் கொனன் டொயில்

கதாசிரியரே துப்பறிவாளராக இறங்கிய இரு வழக்குகள் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன.

முதலாவது, ஜோர்ஜ் எடல்ஜி வழக்கு. இந்தியப் பார்சி வம்சத்தில் வந்த அங்கிலிக்கன் குருவானவரின் மகன், சட்டத்தரணி. ஸ்டபோர்ட்ஷயரின் கிரேட் வேர்லி கிராமத்தில் இரவுகளில் கால்நடைகளை யாரோ வெட்டிக் காயப்படுத்திவந்தார்கள். 1903இல் எடல்ஜிக்கு ஏழு வருடக் கடூழியம் விதிக்கப்பட்டது. அவர் கைதான பின்னரும் வெட்டுகள் நிற்கவில்லை. அப்படியானால் அவர் சுற்றவாளி என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? இல்லை, இது அவரது கும்பலைச் சேர்ந்த மற்றவர்களின் வேலை என்றனர் பொலிஸார். எந்தத் தடயம் வந்தாலும் தன்னை உறுதிப்படுத்தவே பயன்படுத்திக்கொள்ளும் தருக்கம் இது. பார்வைக்குப் பகுத்தறிவைப் போலவே இருக்கும். அதைப் பொய்யாக்கக்கூடிய சான்று என்று எதையும் அது அனுமதிக்காது.

மூன்று வருடங்களில் விடுதலையான எடல்ஜியை கொனன் டொயில் விடுதியொன்றில் சந்திக்கச் சென்றார். எடல்ஜி பத்திரிகையை முகத்தோடு ஒட்டிப் பிடித்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கிட்டப்பார்வை கொண்டவர் இருளில் வயல்களையும் ரயில் பாதையையும் கடந்து குதிரையைத் தேடிப் போயிருக்க முடியுமா? 1907 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையில் டொயில் எழுதிய கட்டுரைகள் நாட்டை உலுக்கின. அந்த ஆண்டே எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது, நட்டஈடு வழங்கப்படவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் உருவாவதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுதலாக இருந்தது.

இதுவரை ஹோம்ஸ். இதன் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. எடல்ஜி அல்ல என்று நிறுவிய டொயில், அப்படியானால் யார் என்ற கேள்விக்கும் விடை தேடினார். அதே ஊரைச் சேர்ந்த வேறொருவர்மீது சந்தேகம் கொண்டு, துண்டு துண்டான தடயங்களைக் கோத்து உள்நாட்டு அமைச்சுக்கு அனுப்பினார். அமைச்சு அதை ஏற்கவில்லை. அந்தக் கோவையிலிருந்த தருக்கம், எடல்ஜியைச் சிறைக்கு அனுப்பிய தருக்கத்தைவிட அதிகம் வலுவானதல்ல. ஒருவர் செய்யவில்லை என்று காட்டுவதற்கும் இன்னொருவர் செய்தார் என்று காட்டுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஹோம்ஸின் தந்தையே மறந்துபோனார்.

இரண்டாவது வழக்கு ஒஸ்கார் ஸ்லேற்றருடையது. 1908 டிசம்பர் 21ஆம் திகதி கிளாஸ்கோவில் செல்வந்த மூதாட்டி மரியன் கில்கிறிஸ்ட் கொலையுண்டார். வைர புரூச் ஒன்று காணாமற் போயிருந்தது. வைர புரூச் ஒன்றின் அடகுச் சீட்டை விற்க ஸ்லேற்றர் என்ற ஜெர்மன் யூதர் முயன்றதாகப் பொலிஸாருக்குத் தகவல் கிடைத்தது. விசாரித்தபோது அது வேறு புரூச், கொலைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே அடகு வைக்கப்பட்டது என்பது தெரியவந்தது. ஒட்டகம் வந்துவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஸ்லேற்றர் மாற்றுப் பெயரில் நியூயோர்க்குக்குக் கப்பலேறியிருந்தார். ஓடியவன் குற்றவாளி என்று தருக்கம் வேறு பாதையால் நடந்தது. அவர் தாமாகவே விசாரணைக்குத் திரும்பிவந்தது கணக்கில் எடுக்கப்படவில்லை.

1909 மே மாதம் எடின்பரோவில் விசாரணை. பதினைந்து ஜூரர்களில் ஒன்பது பேர் குற்றவாளி என்றார்கள். ஐந்து பேர் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். ஒருவர் சுற்றவாளி என்றார். சாதாரண பெரும்பான்மை போதுமானதாக இருந்ததால் மரண தண்டனை. தூக்குக்கு இரண்டு நாட்களுக்கு முன் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1912இல் டொயில் இவ்வழக்கு பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். சந்தேகங்களைக் கிளப்பிய துப்பறியும் பொலிஸ் அதிகாரி ஜோன் ட்ரெஞ்ச் 1914இல் வேலை நீக்கப்பட்டார். ஸ்லேற்றர் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் பீற்றர்ஹெட் சிறையில் கல்லுடைத்தார். வில்லியம் பார்க் என்ற பத்திரிகையாளரின் நூல் 1927இல் வெளிவந்து, மீண்டும் கிளர்ச்சி எழுந்த பின்னரே அவர் வெளியே வந்தார். 1928 ஜூலையில் தீர்ப்பு ரத்தாயிற்று. நீதிபதி ஜூரர்களுக்குப் பிழையாக வழிகாட்டினார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவர் கொல்லவில்லை என்று அப்போதும் எந்த நீதிமன்றமும் வாயால் சொல்லவில்லை. நட்டஈடாக 6,000 பவுண் கிடைத்தது.

ஆறு விடைகள்

இந்த வழக்குகளின் நிழல் கதைகளிலும் விழாமல் இருக்குமா? இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைத் துப்பறியும் கதையின் பொற்காலம் என்பார்கள். வாசகருக்கு எந்தத் தடயத்தையும் மறைக்கக்கூடாது, தற்செயலால் விடை கிடைக்கக்கூடாது என்றெல்லாம் ரொனால்ட் நொக்ஸ் என்ற குருவானவர் 1929இல் பத்துக் கட்டளைகளே வகுத்தார். தற்செயலுக்குத் தடை! செரண்டிப் இளவரசர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

அதே 1929இல் அன்ரனி பேர்க்லி 'நஞ்சூட்டப்பட்ட சொக்கலேற்று வழக்கு' என்ற நாவலை வெளியிட்டார். ஆறு பேர் கொண்ட கழகமொன்று ஒரே கொலையை ஆராய்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் எழுந்து குறைகாண முடியாததொரு விடையைத் தருகிறார்கள். மறுநாள் அது நொறுங்குகிறது. ஆறு விடைகள், ஒரே தடயங்கள். ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1979இல், கிறிஸ்டியானா பிராண்ட் ஏழாவது விடையொன்றையும் எழுதிச் சேர்த்தார். கதைகளில் வரும் தடயத்துக்கு ஒரே பொருள்தான் இருக்கும் என்ற வழமையைப் பேர்க்லி கேலி செய்தார். கேலியின் கீழே கனமான உண்மையொன்று கிடக்கிறது. எந்த விடை கடைசியாகச் சொல்லப்படுகிறதோ அதையே நாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். காரணம், அதற்குப் பிறகு பக்கங்கள் இல்லை.

சுவிற்சர்லாந்து எழுத்தாளர் பிரீட்றிஷ் டியூரன்மாட் இன்னும் ஒரு படி போனார். 1958இல் வெளிவந்த அவரது 'வாக்குறுதி' நாவலுக்குக் குற்றக் கதைக்கான இரங்கற்பா என்ற பொருளில் உபதலைப்பு இட்டார். சிறுமியொருத்தி கொலை செய்யப்படுகிறாள். நாடோடி வியாபாரி ஒருவன் நீண்ட விசாரணையின் களைப்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்கிட்டு இறக்கிறான். கோவை மூடப்படுகிறது. இன்ஸ்பெக்டர் மத்தேய் மட்டும் நம்பவில்லை. கொலைகாரன் எந்தப் பாதையால் வருவான் என்று தருக்கரீதியாகக் கணித்து, அங்கே பெற்றோல் நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டு காத்திருக்கிறார். அவரது கணிப்பு முற்றிலும் சரி. கொலைகாரன் புறப்பட்டும் விட்டான். வழியில் வாகன விபத்தில் இறந்துபோனான். இது தெரியாத மத்தேய் காத்திருந்து காத்திருந்து மனம் சிதைந்து போகிறார். சரியாகச் சிந்தித்த மனிதர் பைத்தியக்காரராகக் காணப்பட்டார், ஒட்டகம் வராததால்.

அந்த நாடோடி வியாபாரியின் ஒப்புதல் வாக்குமூலத்தை இலங்கை வாசகர்கள் வேகமாகக் கடந்து போக முடியாது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்க முடியாது என்பது எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த விதிக்கு விலக்களித்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சரும் அவருக்கு மேற்பட்டவர்களும் பெறும் வாக்குமூலத்தை ஏற்கத்தக்கதாக்கியது. தமக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டதாக எதிரிகள் கூறிய வழக்குகள் எத்தனை வந்தன என்பதை நீதிமன்ற நிருபர்கள் அறிவார்கள். ஒப்புதல் கிடைத்தவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. சந்தேகம் என்ற உழைப்பு அதன் பிறகு எவருக்கும் தேவைப்படுவதில்லை.

கொழும்பில் ஒரு வெப்பமானி

எடின்பரோவில் தொடங்கிய மரபு ஒருமுறை கொழும்புக்கும் வந்தது. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்தின் மனைவி வீட்டில் கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் கைதானார். வீட்டு வேலையாள் வில்லியம், தானும் உடந்தை என்று கூறி, நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான். எதிரிக்காக ஆஜரானவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அன்று முற்பகலில் சதாசிவம் வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம் தெரியும். ஆகவே முழு வழக்கும் ஒரே கேள்விக்குள் அடங்கிற்று. மரணம் அதற்கு முன்னா, பின்னா?

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சட்டமருத்துவப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சியமளிக்க அழைக்கப்பட்டார். டொக்டர் பெல்லோடு ஆர்ட்லமொன்ட் வழக்கில் சாட்சி சொன்ன லிட்டில்ஜோனின் மகனிடம் பயின்றவர் அவர். உடல் குளிரும் வேகத்தைக் கொண்டு மரண நேரத்தைக் கணிப்பது பழைய முறை. ஆனால் எடின்பரோவின் குளிர்காலத்துக்குப் பொருந்தும் கணக்கு கொழும்புக்குப் பொருந்தாது. உடலின் வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் இடையில் இங்கே வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே உடல் மெதுவாகவே குளிரும், கணிப்பில் பிழையும் பெருகும். கொழும்புப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் தமது சகாக்களுடன் சேர்ந்து, தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பநிலையை மணிக்கணக்காக அளந்தார். மரண நேரம் நிமிடம் தவறாமல் தெரிந்த உடல்கள் அவை மட்டுமே. அந்த ஆய்வு 1955இல் சர்வதேசச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஒருவரைத் தூக்கிலிருந்து காப்பாற்றக்கூடிய அறிவைத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களிலிருந்தே பெற வேண்டியிருந்தது.

1953 ஜூன் மாதம் ஜூரர்கள் சதாசிவத்தைச் சுற்றவாளி என்றார்கள். அதற்குள் ஏறக்குறைய 20 மாதங்கள் கடந்துவிட்டன. அந்தக் கொலைக்காகப் பின்னர் எவரும் தண்டிக்கப்படவில்லை. கதையாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்து ஒருவர் விளக்கம் சொல்லியிருப்பார். நிஜத்தில் நிபுணர்கள் தந்தது நேரம் ஒன்றல்ல; ஒரு நேரத்துக்கும் இன்னொரு நேரத்துக்கும் இடையிலான இடைவெளி. அந்த இடைவெளியை மறைக்காமல் சொன்னதே அவர்களது அறிவியலின் நேர்மை. நியாயமான சந்தேகம் என்று சட்டம் அழைப்பது அந்த இடைவெளியைத்தான்.

பத்திரிகை மொழியில் மூன்று சொற்கள் இருக்கின்றன: சந்தேக நபர், எதிரி, குற்றவாளி. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒருவரது வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது. தலைப்பில் இடமில்லை என்பதற்காக அந்தத் தூரத்தைச் சுருக்கும் அவசரத்தை நான் பல ஆசிரியபீடங்களில் கண்டிருக்கிறேன். இப்போது ஆசிரியபீடமே தேவையில்லை. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒட்டகக்காரன், ஒவ்வொருவரும் மன்னன் பெராமோ. காலையில் ஒரு காணொளித் துண்டு வந்தால் மாலைக்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

துப்பறியும் கதைகளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கூர்ந்து நோக்கவும், ஒரு தடயத்துக்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவும் அவற்றைப் போல் இன்பமாகக் கற்பிப்பது வேறொன்றுமில்லை. ஆனால், கடைசிப் பக்கத்தில் விளக்கம் முடிந்து எல்லோரும் தலையாட்டும்போது, புத்தகத்தை மூடாமல் ஒரு கணம் நின்று, இன்னொரு விடை இருக்க முடியாதா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்லேற்றரின் வழக்கில் ஆறு ஜூரர்கள் அப்படிக் கேட்டார்கள். இன்னும் இருவர் கேட்டிருந்தால் அவர் பதினெட்டு ஆண்டுகள் கல்லுடைத்திருக்க வேண்டியதில்லை.